இராமேசுவரத் தீவில் கடல் விளையாட்டு

விளையாட்டு என்றவுடன் பந்தும் மட்டையும் நம் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயினும் ஆடுகளம் நிலத்தின்மீதே அமைதல் வேண்டும் என்னும் நியதி யாதும் இல்லை. நீந்துதலும், பாய் விரித்துப் படகோட்டுதலும் உடலுக்கு உறுதியையும் உள்ளத்திற்குத் துணிவையும் ஒருங்கே தருவன. இவற்றிற்கு இயற்கையே வகுத்தளித்த களம் இராமேசுவரத் தீவு. யாத்திரைத் தலமாக நாம் நன்கறிந்த அத்தீவு கடல் விளையாட்டிற்கு எங்ஙனம் ஏற்றதாயிற்று என்பதையும், காவிரி நாட்டினராகிய நாம் அதனின்று கற்கத்தக்கது யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தீவின் வடபால் உள்ளது பாக்கு விரிகுடா. தென்பால் உள்ளது மன்னார் வளைகுடா. முன்னது ஆழங் குறைந்து அமைதியாயிருத்தலின் அதனைப் 'பெண்கடல்' என்றும், பின்னது ஆழமும் அலையும் மிக்கிருத்தலின் அதனை 'ஆண்கடல்' என்றும் அங்குள்ள மீனவர் வழங்குவர். கோடையில் தென்காற்று வீசுங்கால் தென்கரை கொந்தளிக்கும். வடகரையோ நிலத்தின் மறைவில் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப்பின் வாடை எழுந்ததும் இந்நிலை மாறும். இங்ஙனம் ஒரு கரை சீறும்பொழுது மறுகரை இடந்தருதலே இத்தீவின் தனிச்சிறப்பாகும். குளிர்நாட்டுக் கடலில் நீந்துவோரை வாட்டும் குளிரும் இங்கு இல்லை.

காற்றை ஏவல்கொள்ளும் விளையாட்டுக்களுள் தொன்மையானது பாய்மரப் படகோட்டம். தீவிற்கு வடக்கே தொண்டிப் பகுதிக் கடலோர ஊர்களில் திருவிழாக் காலங்களில் மீனவர் படகுப் பந்தயம் நடத்துவர். பாயிற் காற்று நிறைந்து படகு ஒருபுறம் சாயுங்கால், ஆட்கள் மறுபுறம் சாய்ந்து தம் உடற்பாரத்தாலேயே அதனை நிமிர்த்துவர். அண்மைக் காலத்தில் 'கைட் சர்பிங்' என்பதும் தீவிற்கு வந்துள்ளது. பெரும் பட்டமொன்றை வானிற் பறக்கவிட்டு, அதன் இழுவிசையாற் பலகைமீது நின்று நீரிற் சறுக்கிச் செல்லுதலே அது. இதிற் பழகுவோர் முதலிற் கற்பது காற்றின் திசையையே. கரையோரமாக வீசுங்காற்று ஆட்டத்திற்கு நன்று. கரையினின்று கடலை நோக்கி வீசுங்காற்றோ, நீர்ப்பரப்பு அமைதியாகத் தோன்றினும், புதியோனை மீளவொண்ணாத் தொலைவிற்குக் கொண்டுசெல்லும்.

நீச்சலின் பெருமையை இக்கடலின் வரலாறே உரைக்கும். 1954-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் யாழ்ப்பாணத்து நவரத்தினசாமி என்பார் வல்வெட்டித்துறையினின்று புறப்பட்டு, 27 மணி நேரம் நீந்தி, நம் காவிரிக் கழிமுகத்தின் தென்முனையாகிய கோடிக்கரையை அடைந்தார். 1966-இல் மிகிர் சென் தலைமன்னாரினின்று தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்தை 25 மணி நேரத்திற்கு மேல் நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் அதே வழியிற் சென்று இடைவிடாது மீண்டும் வந்தார். அதற்கு 51 மணி நேரம் ஆயிற்று. 1994-இல் தமிழ்நாட்டுச் சிறுவர் குற்றாலீசுவரன் தம் 12-ஆம் வயதில் இந்நீரிணையைக் கடந்தார். பன்னிரண்டு வயதுப் பாலகனால் இயன்றதாயின், இஃது உடல்வலிமை ஒன்றாலேயே ஆவதன்று என்பது தெளிவு. நீரோட்டம் மாறும் வேளையறிந்து புறப்படுதலும், மூச்சை அளவறிந்து விடுதலும், உடன்வரும் படகினர் சொற்கேட்டலுமே அவர்களுக்குத் துணைசெய்தன.

அறியாது இறங்குவோரைக் கடல் பொறுப்பதில்லை. அரிச்சல்முனையில் இருகடலும் கூடுமிடத்து நீரோட்டம் மிகக் கடிது. அங்கு நீராடுதல் உயிருக்கே இறுதியாகலாம். பெண்கடல் என்று பெயர்பெற்ற கடலும் என்றும் மெல்லியதன்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெரும்புயல் தனுஷ்கோடி ஊரையும் அதனை நோக்கிச் சென்ற புகைவண்டியையும் ஒருங்கே அழித்தது.

இனி நம் நாட்டை நோக்குவோம். அதிராம்பட்டினமும் மல்லிப்பட்டினமும் அதே பாக்கு விரிகுடாவின் கரையில் உள்ளன. ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறத்தல் மரபு. அந்நீர் வந்தெய்தியதும் தஞ்சை நாட்டு ஆறுகளும் வாய்க்கால்களும் பெருகுகின்றன. இத்துணை நீர்சூழ வாழும் நம்மிடையே நீந்தத் தெரியாத இளைஞர் எத்தனை பேர்! ஆடிப்பெருக்கு நாளில் ஆற்றில் இறங்கி மீளாதோர் செய்தியைக் கேளாத ஆண்டும் அரிதாகின்றது. மதகின் கீழுள்ள சுழலை நீச்சல் வல்லாரும் விலக்குதல் வேண்டும். வெள்ளம் இழுக்குமாயின் அதனை எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாது, ஓட்டத்தோடு சாய்வாகக் கரையை நாடுதல் வேண்டும். மூழ்குவோனைக் காணின், பயிற்சியில்லாதோர் தாமும் குதித்தல் தகாது. வேட்டியையோ கயிற்றையோ மூங்கிற்கழியையோ நீட்டிக் காத்தலே முறை.

ஆகலின் மாணவ நண்பர்களே! தீவிற்குச் சென்று விளையாடும் வாய்ப்பு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. ஆனால் ஊர்க்குளத்தில், நீந்த வல்ல மூத்தோர் ஒருவர் அருகிருக்க, இடுப்பளவு நீரில் மல்லாந்து மிதக்கப் பழகுதல் யாவர்க்கும் இயலும். அப்பழக்கம் முதற்கண் உங்கள் உயிரைக் காக்கும். பின்னர் ஒருநாள் பிறர் உயிரையும் காக்கும். கடல் விளையாட்டிற்கும் அதுவே முதற்பாடமாம்.