சணல் வயலில் ஒரு கணக்கு

சில ஆயிரம் குடும்பங்களை விசாரித்துவிட்டு நாட்டின் செலவையே சொல்லிவிட முடியுமா என்ற ஐயம் நம்மில் பலருக்கு உண்டு. கொல்கத்தா இதற்கு முன்பே விடை கண்டிருக்கிறது.

1931-இல் அங்குள்ள பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் துறையில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர் பி.சி. மகலனோபிஸ். வங்கத்தின் சணலை மதிப்பிட அவர் எல்லா வயல்களையும் அளக்கவில்லை. குலுக்கல் முறையில் தேர்ந்த சிறு துண்டுகளை மட்டுமே அளக்கச் செய்தார். 1940-களில் ஒரு பருவத்தில் அம்முறை தந்த மதிப்பீடு 75.40 லட்சம் பொதிகள். நிலம் நிலமாக எடுத்த முழுக் கணக்கு 63.04 லட்சம். வணிகப் பதிவுகளில் பின்னர் தெரிந்த அளவோ 75.62 லட்சம்! முழுக் கணக்குக்கு 82 லட்ச ரூபாய் செலவு. மாதிரிக்கு 8 லட்சமே.

ஆள் பெருகினால் மேற்பார்வை தளரும், பிழையும் பெருகும். குலுக்கலால் நேரும் பிழையின் எல்லையையோ கணிக்க முடியும். அளப்போரின் பிழையை அறிய, ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி முடிவுகளை ஒப்பிட்டார் அவர்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். கிளறாத பானையில் மேற்சோறு அடிச்சோற்றின் பதத்தைக் காட்டாது. அண்டை வீட்டார் இருவர் லாபம் கண்ட திட்டத்தில் ஓய்வூதியப் பணத்தைப் போட எண்ணுவோர் நம் கிளைகளுக்கு வருகின்றனர். நட்டப்பட்டவர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. சேர்ந்தவர் எத்தனை பேர், முதலையும் இழந்தவர் எத்தனை பேர் என்று கேட்ட பிறகு படிவத்தில் கையொப்பமிடலாம்.