போக்கியச் சொத்தும் வரிப் பொறுப்பும்

செங்கற்பட்டு வட்டாரத்திலும் மாமல்லபுரக் கடற்கரை ஊர்களிலும் நெசவாளர் தறி வீட்டையும், விவசாயி நஞ்சையையோ சவுக்குத் தோப்பையோ போக்கியத்திற்கு விடுவது நெடுநாளைய வழக்கம். பணம் கொடுத்தவர் சொத்தை அனுபவிக்கிறார். பணம் திரும்பியதும் சொத்தை விடுகிறார். தொகையையும் தவணையையும் கருத்தாகப் பேசி முடிக்கும் இரு திறத்தாரும், வரி கட்ட வேண்டியவர் யார் என்பதைப் பல சமயங்களில் பேசாமலே விட்டுவிடுகின்றனர்.

இதற்கு விடை 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தில் உண்டு. அதன் 65-ஆம் பிரிவின்படி, சொத்து கடன் கொடுத்தவர் வசம் போகாதிருக்கும் வரையில் வரி உரிமையாளர் பொறுப்பு. நம் சங்கங்களில் வீட்டையோ நிலத்தையோ ஈடு காட்டிக் கடன் பெற்று, தாமே அனுபவித்து வரும் அங்கத்தினர்கள் இவ்வகையினர். சொத்து கைமாறிவிட்டாலோ, 76-ஆம் பிரிவு குறுக்கிடுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, சொத்தின் வருமானத்திலிருந்து அரசாங்கத் தீர்வையையும் ஏனைய பொது வரிகளையும் அனுபவிப்பவரே செலுத்த வேண்டும். தவறினால், அதனால் நேரும் நட்டம் வழக்கில் கணக்குப் பார்க்கும்போது அவர் பேரில் பற்று எழுதப்படலாம். 'வட்டிக்குப் பதில் அனுபவம்' என்று பத்திரம் இருப்பினும், கணக்கு வைக்கும் கடமைதான் நீங்கும். வரி கட்டும் கடமை நீங்காது.

அமெரிக்காவில் வீட்டுக் கடன் கொடுத்தவர் மாதத் தவணையோடு வரிப் பணத்தையும் வசூலித்துத் தம்மிடம் வைத்திருந்து, உரிய காலத்தில் செலுத்தும் முறை உண்டு. அங்கும் அவர் தவறினால் பாக்கி வீட்டின் மேல்தான் ஏறும். முறை வேறாயினும் ஆபத்து ஒன்றே.

நம் நாட்டில் அந்த ஆபத்து எத்தகையது? 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டப்படி நிலமே தீர்வைக்கு ஈடு. பாக்கிக்காக ஏலம் போகும் நிலம், வில்லங்கம் யாவும் நீங்கியே விற்கப்படும். உரிமையாளர் நிலத்தை இழப்பார். கடன் கொடுத்தவர் ஈட்டை இழப்பார்.

வேண்டுமென்றே வரியை நிறுத்தி, ஏலத்தில் தாமே வாங்கிவிட எண்ணுவோரும் உளர். இச்சூழ்ச்சியை 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு எடுத்துக்காட்டாகவே கூறி மறுக்கிறது. அவ்வாறு வாங்கியவர், தமக்குரிய கடன் தொகையும் நியாயமான செலவும் பெறுவதற்கு உட்பட்டு, சொத்தைப் பழைய உரிமையாளரின் நன்மைக்காகவே வைத்திருப்பவராவார். 1961-இல் உச்ச நீதிமன்றமும் இக்கொள்கையை நிலைநாட்டிற்று.

ஆயினும் நீதிமன்றம் சென்று மீட்பதினும் முன்னரே காப்பது நன்று. எனவே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டுவன:

1. போக்கியப் பத்திரத்தில், எந்த வரியை யார், எப்போது கட்டுவது என்று தெளிவாக எழுதுக. நூறு ரூபாயும் அதற்கு மேலும் ஆன போக்கியம் பதிவு செய்யப்பட வேண்டும்.

2. ஆண்டுதோறும் ரசீதைக் கண்ணால் காண்க. "கட்டிவிட்டேன்" என்ற சொல் ரசீதாகாது.

3. நிலம் ஜப்தி செய்யப்பட்டால், அதில் உரிமை உடைய எவரும் பாக்கியைச் செலுத்தி அதை விடுவிக்கலாம். 'அவர் கடமை' என்று வாதாடிக்கொண்டு ஏலத்திற்கு விட்டுவிடற்க. முதலில் செலுத்தி ரசீது பெறுக. பின்னர் கணக்கில் கேட்குக.

சொத்து பிறர் கையில் இருக்கலாம். அதைக் காக்கும் பொறுப்பு நம் கையை விட்டு அகலலாகாது.