அவள் கையில் ஒரு கேடயம்!

சங்கராபுரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப். ராத்திரி ஏழு மணி. நல்ல கூட்டம். ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி வருகிறார். சென்னையில் ஆபீஸ் வேலை, லீவுக்கு ஊர் வந்திருக்கிறார். கல்யாணமாகி ஆறு மாசம்.

‘‘என்ன சார் வேணும்?’’

‘‘ஒரு... தலைவலி மாத்திரை.’’

பக்கத்தில் நிற்கும் பெரியவர் நகர்கிற வழியாக இல்லை.

‘‘அப்புறம்?’’

‘‘ஒரு... தைலம்.’’

பெரியவர் போனார். அந்த இடத்தில் தெரிந்த அத்தை ஒருத்தர் வந்து நின்றார்!

‘‘வேற?’’

‘‘இருமல் டானிக்!’’

வாங்க வந்ததை வாங்காமலே, இல்லாத மூணு வியாதிக்கு மருந்தோடு வீடு திரும்புகிறார் நம் ஹீரோ.

கற்பனைதான். ஆனால், உங்களில் பாதிப் பேர் அசட்டுச் சிரிப்பு சிரிப்பது இங்கே கேட்கிறது!

ஆம்பளைக்கே இந்தப் பாடு. வீட்டில் இருக்கும் அவர் மனைவி? ‘‘ஏங்க, ஆணுறை போட்டுக்குங்க’’ என்று அவள் வாய்திறந்து கேட்டுவிட முடியுமா? ‘‘என்னையே சந்தேகப்படறியா?’’ என்று குதிப்பார். இல்லையென்றால், ‘‘இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?’’ என்று அவளைச் சந்தேகப்படுவார். ரெண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் அவள்தான்.

இது வெறும் குடும்பச் சண்டை இல்லை சார், உயிர் விஷயம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம சென்னையில்தான், 1986-ல். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். பிறகு சுனிதி ஆரம்பித்த ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த, எச்.ஐ.வி. தொற்றிய பெண்களைப் பற்றி 2000-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள்!

‘கணவனிடம் கெஞ்சாமல், பெண் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி வேண்டும்’ என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். அப்படித் தேடியதுதான் ‘மைக்ரோபிசைடு’. உறவுக்கு முன்னால் பெண்ணே பெண்ணுறுப்பில் தடவிக்கொள்ளும் களிம்பு.

முதல் முயற்சி, நானாக்ஸினால்-9. ஒருவகை சோப்பு மாதிரி. சோதனைக்குழாயில் வைரஸைக் கொன்றது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். 2000-ல் டர்பன் மாநாட்டில் முடிவைச் சொன்னபோது தூக்கிவாரிப் போட்டது. அடிக்கடி தடவிக்கொண்ட பெண்களுக்குத்தான் தொற்று அதிகம்! வாசலில் ஆசிட் ஊற்றிக் கழுவினால் கிருமியோடு தரையும் போகுமே... அந்தக் கதை. மருந்து, உள்தோலைப் புண்ணாக்கி வைரஸுக்குக் கதவைத் திறந்து விட்டிருந்தது.

அடுத்தது, செல்லுலோஸ் சல்ஃபேட். வைரஸ் செல்லில் ஒட்டாமல் தடுக்கும் வாட்ச்மேன். ஆப்பிரிக்க நாடுகளோடு சேர்ந்து சென்னையிலும், கர்நாடகத்தின் பாகல்கோட்டிலும் சோதனை நடந்தது. மொத்தம் 1,398 பெண்கள். 2007 ஜனவரியில் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். கடைசிக் கணக்கில், நிஜக் களிம்பு தடவியவர்களில் 25 பேருக்குத் தொற்று. வெறும் களிம்பு தடவியவர்களில் 16 பேருக்கு. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால், பெண்களின் உயிரை வைத்து யார் ரிஸ்க் எடுப்பது?

மூன்றாவது யோசனை, ஆபீஸ்காரர்களுக்குச் சட்டென்று புரியும். எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைந்ததும் முதலில் செய்கிற வேலை, தன்னைக் காப்பி எடுப்பது. அந்த ஜெராக்ஸ் மெஷினில் பேப்பரைச் சிக்கவைத்துவிட்டால்? அதுதான் டெனோஃபோவிர் மருந்து. அதைக் களிம்பாக்கி, தென்னாப்பிரிக்காவில் 889 பெண்களிடம் சோதித்தார்கள். நடத்தியவர்கள், இந்திய வம்சாவளி டாக்டர் தம்பதி குரைஷா, சலீம் அப்துல் கரீம். 2010-ல் வியன்னாவில் முடிவு வந்தது. எச்.ஐ.வி. 39 சதவிகிதம் குறைவு! பிறப்புறுப்பில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் தொற்றும் 51 சதவிகிதம் குறைவு. அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது.

ஆனால், அடுத்து நடந்த பெரிய சோதனைகளில் அதே களிம்பு ஃபெயில். ஏன்? ‘தவறாமல் தடவினோம்’ என்றார்கள் பெண்கள். ரத்தம் வேறு சொன்னது. பலர் தொடவே இல்லை. ‘மருந்து வைத்திருந்தால் எனக்கே நோய் என்று நினைப்பார்களே’ என்ற பயம். வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். மெடிக்கல் ஷாப்பில் நம்மாளைப் பிடித்த அதே வெட்கம், அங்கே வேறு சேலை கட்டிக்கொண்டு நின்றது!

அதனால் தினமும் நினைவு வைக்கத் தேவையில்லாத வழியைத் தேடினார்கள். டாபிவிரின் மருந்து ஊறிய சிலிக்கோன் வளையம். பெண்ணே உள்ளே பொருத்திக்கொண்டால் ஒரு மாசம் வேலை செய்யும். 2016-ல் வந்த முடிவுகளில், தொற்று சுமார் 30 சதவிகிதம் குறைந்தது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்தது. 2024-ல் இன்னொரு ஆச்சரியம். ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி, லெனகாபவிர். ஆப்பிரிக்காவில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. வரவில்லை! இது களிம்பு அல்ல. ஆனால் களிம்பு கண்ட கனவு இதுதான். அதன் மலிவு வகையை 2027-லிருந்து வருஷத்துக்கு 40 டாலர் விலையில் தருவதாக, ஹைதராபாத் கம்பெனிகள் இரண்டு 2025-ல் அறிவித்தன.

ஒன்று கவனியுங்கள். இந்த வளையமோ ஊசியோ சிஃபிலிஸ், கொனோரியா போன்ற மற்ற பால்வினை நோய்களைத் தடுக்காது. அதற்கு ஆணுறைதான். அதை மாட்டிக்கொள்ள வேண்டியவர்... யாரு சார்? நாமதான்!

எச்.ஐ.வி. இருக்கிறதா என்று அறிய அரசு மருத்துவமனைகளின் ‘நம்பிக்கை மைய’த்தில் பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண். தொற்று உறுதியானால் மாத்திரையும் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்தால், உறவின் மூலம் துணைக்குப் பரவாது.

நாற்பது வருஷமாக உலகம் பெண்ணுக்கு ஒரு கேடயம் செய்யப் போராடுகிறது. எதற்காக? அவள் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கப் பயப்படுகிறாள் என்பதற்காக. அந்தப் பயத்தைப் போக்க ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. நாம் முதலில் வாய் திறந்தால் போதும்.

அடுத்த தடவை மெடிக்கல் ஷாப்புக்குப் போனால், அத்தை பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை. தைலம் வாங்காதீர்கள்!