சுகார்த்தோ ஆட்சியும் ‘திமோர்’ காரும்

1990களில் இந்தோனேசியாவின் கார் சந்தை பெரும்பாலும் ஜப்பானிய நிறுவனங்களின் கையில் இருந்தது. அவை உள்ளூர்க் கூட்டாளிகளோடு சேர்ந்து ஆலைகளை நடத்தின. உள்நாட்டு உதிரிபாகங்களைக் கூடுதலாகச் சேர்த்தால் இறக்குமதி வரி குறையும் என்பது அரசின் விதி.

1996 பிப்ரவரியில் அதிபர் சுகார்த்தோ ‘தேசிய கார்’ திட்டத்தை அறிவித்தார். அதன் வரிச்சலுகை ஒரே நிறுவனத்துக்குக் கிடைத்தது. அது அவருடைய இளைய மகன் டாமியின் நிறுவனம். தென்கொரியாவின் கியா அதன் கூட்டாளி. கியாவின் செபியா காரே ‘திமோர்’ என்ற பெயரில் வந்தது. இறக்குமதி வரியும் ஆடம்பர வரியும் இல்லாததால் அதன் விலை போட்டிக் கார்களைவிட மிகக் குறைவு. உள்ளூர் ஆலை தயாராகாத நிலையில், கொரியாவில் முழுமையாகத் தயாரான 45,000 கார்களை இறக்குமதி செய்யவும் அரசு அனுமதித்தது.

ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. இதற்கிடையே 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வெடித்தது. கடனுதவி பெறுவதற்காக, 1998 ஜனவரியில் பன்னாட்டு நாணய நிதியத்துடன் செய்த உடன்பாட்டில் இச்சலுகைகளைக் கைவிட அரசு ஒப்புக்கொண்டது. மே மாதம் சுகார்த்தோ பதவி விலகினார். ஜூலையில் உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்பும் திட்டத்துக்கு எதிராக அமைந்தது.

உள்நாட்டுத் தொழிலைக் காக்க அரசு முனைவது தவறன்று. ஆனால் அந்தக் காப்பு ஆட்சியாளர் குடும்பத்துக்கே போய்ச் சேர்ந்தால் தொழில் வளராது.