வீணையைப் பேணுதல்

தஞ்சையில் வீணை செய்வோர் பலாமரத்தையே பெரிதும் விரும்புவர். நன்கு முதிர்ந்த மரத்தைத் தேர்ந்து, அறுத்து, நெடுநாள் உலர வைத்து, பின்னரே அதனைக் குடைந்து குடத்தையும் தண்டியையும் யாளி முகத்தையும் அமைப்பர். இம்மூன்றையும் ஒரே மரத்துண்டிலிருந்து குடைந்தெடுத்தால் அஃது ஏகாந்த வீணை எனப்படும். தனித்தனியே செய்து பொருத்தினால் ஒட்டு வீணை எனப்படும். இவ்வாறு அரிதின் முயன்று செய்த வீணை நன்கு பேணப்படின், பாட்டி வாசித்ததைப் பேர்த்தியும் வாசிக்கலாம். பேணாது விடின், சில ஆண்டுகளிலேயே வெடிப்புக் கண்டு, நாதம் கெட்டுப் பரண்மேல் ஏறிவிடும். காற்றிலுள்ள ஈரத்தின் ஏற்றத்தாழ்வு இக்கேட்டிற்கு ஒரு பெருங்காரணம் என்பதைப் பலர் அறியார்.

மரம் வெட்டுண்டு உயிர் நீங்கிய பின்னரும் ஈரத்தை உண்பதையும் உமிழ்வதையும் விடுவதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் அதனை ஈர்த்துப் பருக்கும். குறைந்தால் வெளிவிட்டுச் சுருங்கும். இம்மாற்றம் மரத்தின் நீளவாக்கில் மிகச் சிறிது, குறுக்குவாக்கிலேயே மிகுதி. மழைக்காலத்தில் கதவு நிலையில் இறுகிக்கொள்வதும் கோடையில் எளிதாக மூடுவதும் இதனாலேயே. கதவாயின் இழைப்புளி கொண்டு சிறிது சீவிவிடலாம். வீணையை அவ்வாறு சீவுதல் இயலுமோ?

வீணையில் இதன் விளைவைப் பிரடைகளில் எளிதாகக் காணலாம். மழைக்காலத்தில் அவை துளைகளில் இறுகி, முறுக்க வாராமல் நிற்கும். வறண்ட நாள்களில் தளர்ந்து வழுக்கிச் சுருதியைத் தாழ்த்தும். ஈரத்தோடு வெப்பமும் ஒரு பகையே. வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து அமைத்த மெழுகுச் சட்டத்தின்மேல் பதிக்கப்பட்டவை. வெயில் விழும் சன்னலருகே வீணையை அழகுக்காக நிறுத்தி வைப்பார் சிலர் உளர். மெழுகு இளகி மெட்டுகள் இடம் பெயரும். சிறிது விலகினும் சுரம் பிசகும். பின்னர் மேளம் கட்டுதலில் வல்லாரைத் தேடி, மெட்டுகளைச் செவியால் அறிந்து மீண்டும் பதிப்பிக்க வேண்டும். அத்தகையோர் எல்லா ஊர்களிலும் கிடைப்பவர் அல்லர்.

மேல்நாட்டுக் கருவியாகிய கிட்டாரை ஒப்பிட்டு நோக்கினால் ஈரத்தின் செயல் மேலும் விளங்கும். அதன் மேற்பலகை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமே உடையது. அதன் உட்புறத்தில் மெல்லிய சட்டங்கள் குறுக்கே ஒட்டப்பட்டிருக்கும். பலகை சுருங்க முயலும்போது அச்சட்டங்கள் இடங்கொடா. ஆதலின் பலகை பிளக்கும். குளிர்நாடுகளில் இத்தீங்கு மிகுதி. 0 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 5 கிராம் நீராவியே கொள்ளும்; 20 டிகிரியில் 17 கிராம் கொள்ளும். கொள்ளக்கூடிய நீராவியில் உள்ளது எத்தனை பங்கு என்பதே ஒப்பு ஈரப்பதம். குளிர்ந்த காற்றை வீட்டினுள் கணப்பினால் சூடாக்கும்போது நீராவி அவ்வளவே இருக்க, கொள்திறன் மட்டும் வளர்கின்றது. ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கிவிடுகின்றது. கிட்டார் செய்வோர் வேண்டுவதோ 45 முதல் 55 விழுக்காடு வரை. ஆகவே, துளையிட்ட சிமிழில் ஈரப்பஞ்சை இட்டு, மரத்தில் நீர் படாதவாறு கருவிப் பெட்டியுள் வைப்பது அந்நாட்டார் வழக்கம்.

சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் நிலை இதற்கு மாறானது. இங்கே பல நாள்களில் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டும். எனவே பெட்டியுள் வைக்கத்தக்கது ஈரப்பஞ்சு அன்று. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியே. ஆயினும், இரவெல்லாம் குளிர்சாதனத்தை இயக்கிப் பகலில் சன்னலைத் திறந்துவிடும் அறையில் மரத்திற்கு அமைதியே இல்லை. இரவில் வறட்சியும் பகலில் ஈரமும் மாறிமாறித் தாக்க, ஒட்டிய இடங்கள் நெகிழும். மெருகில் மயிரிழை போன்ற கீறல்கள் தோன்றும். நிலையான ஈரம் சற்று மிகினும் மரம் பொறுக்கும். இந்த ஊசலாட்டத்தையே பொறாது.

நல்ல பெட்டி இவ்வூசலாட்டத்தைப் பெரிதும் தணிக்கும். வாசிக்காத நேரத்தில் வீணையைத் துணியுறையிட்டுப் பெட்டியுள் வைத்து, அடுப்பங்கரைக்கும் மழைநீர் ஊறும் வெளிச்சுவருக்கும் குளிர்சாதனத்தின் நேர்க்காற்றுக்கும் விலக்கி வைத்தல் வேண்டும். சிறிய ஈரமானி ஒன்றைப் பெட்டியுள் இட்டால், பொதியை மாற்றும் காலத்தை அது காட்டும். மரம் வறண்டது எனக் கருதித் தேங்காய் எண்ணெய் தடவுவாரும், தூசு போக நனைத்த துணியால் துடைப்பாரும் உண்டு, இரண்டும் தகா. உலர்ந்த மெல்லிய துணியே போதும். வெளியூரிலிருந்து கொணர்ந்த வீணையை உடனே வெளியே எடுத்தலும் கூடாது. பெட்டியை மூடியபடியே சில மணி நேரம் வைத்து, உள்ளும் புறமும் ஒரு நிலை எய்திய பின்னரே திறத்தல் வேண்டும்.