உள்ளங்கையில் ஒரு ராக்கெட் வீரர்

தாமலில் வளரும் தம்பி தங்கைகளே! உங்கள் ஊரிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் போகும்போது ஒருமுறை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்து பாருங்கள். 8-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் எழுப்பிய கோயில் அது. சிங்கத் தூண்கள் வரிசையாக நிற்கும் சுற்று மண்டபத்தின் சுவர்களில் பல்லவர் வரலாற்றையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். முடிசூட்டு விழா, யானைப்படை, குதிரைப்படை, வாளோடு மோதும் வீரர்கள் என எல்லாமே அங்கே உண்டு. அந்த ஆட்கள் நம்மைவிட மிகச் சிறியவர்கள். ஆனாலும் பார்த்தவுடனே 'இவர் பாய்கிறார், இவர் விழுகிறார்' என்று நமக்குப் புரிகிறது.

காஞ்சிபுரத்தின் பொம்மைக்காரத் தெருவில் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் கொலு பொம்மை செய்பவர்களுக்கும் சின்ன உருவத்தில் அசைவைக் காட்டும் இந்தக் கலை தெரியும். இன்று நாம் இன்னும் சிறிய ஒருவரைச் செய்யப் போகிறோம். உயரம் 5.4 சென்டிமீட்டர். அவர் உண்மையான ஒரு போரின் வீரர். அவரைச் செய்யும்போது ஓர் அறிவியல் உண்மையும் தெரியவரும்: ஒரு பொருளைச் சிறிதாக்கினால் அதன் எல்லாப் பண்புகளும் ஒரே மாதிரி சிறிதாவதில்லை!

யார் இந்த வீரர்?

காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று அங்கே பெரும் போர் நடந்தது. ஒரு பக்கம் மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி. பெய்லிக்கு உதவ வேண்டிய பெரிய படை மன்றோவின் தலைமையில் காஞ்சிபுரத்தில்தான் இருந்தது. இரண்டு படைகளும் ஒன்று சேர்வதற்குள் மைசூர்ப் படை பெய்லியை வளைத்துக்கொண்டது. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி பிடிபட்டார்.

மைசூர்ப் படையிடம் ராக்கெட்டுகள் இருந்தன. அன்றைய ஐரோப்பாவில் ராக்கெட்டின் குழாயைப் பெரும்பாலும் கெட்டி அட்டையால் செய்தார்கள். மைசூரில் அதை இரும்பால் செய்தார்கள். வெடிமருந்து எரியும்போது வாயு பெருகிக் குழாயின் சுவரை அழுத்தும். இரும்புக் குழாய் அதிக அழுத்தத்தைத் தாங்கும். அதனால் வாயு அதிக வேகத்தோடு பின்பக்கமாகப் பீய்ச்சியடிக்கும். ராக்கெட்டும் அதிக தூரம் பாயும். பின்னால் கட்டிய நீளமான மூங்கில் கழி, அது நிலைதடுமாறிச் சுழலாமல் பார்த்துக்கொண்டது. அமெரிக்காவின் நாசா மையம் ஒன்றில் இந்த மைசூர் ராக்கெட்டின் ஓவியத்தைப் பார்த்ததைப் பற்றி அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார்.

நாம் செய்யப்போவது அந்த ராக்கெட்டை ஏந்திய வீரரை.

32-ல் ஒன்று

உலகம் முழுவதும் பொம்மை வீரர்களுக்குப் புகழ்பெற்ற ஓர் உயரம் உண்டு: 54 மில்லிமீட்டர். லண்டனில் 1893-இல் வில்லியம் பிரிட்டன் என்பவர் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றியதும், அச்சைத் தொடும் வெளிப்பகுதிதான் முதலில் குளிர்ந்து இறுகும். நடுவில் இருப்பது இன்னும் குழம்பாக இருக்கும்போதே அதைத் திரும்பக் கொட்டிவிட்டால் மெல்லிய கூடு மட்டும் மிஞ்சும். உலோகம் மிச்சம், விலையும் குறைவு. வில்லியம் பிரிட்டனின் பொம்மைகளால் 54 மில்லிமீட்டர் அளவு உலகெங்கும் பரவியது. (ஈயம் உடலுக்கு நஞ்சு. பழைய ஈயப் பொம்மை கிடைத்தால் அதைத் தேய்க்கவோ வாயில் வைக்கவோ கூடாது.)

173 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரை 32-ஆல் வகுத்தால் 5.4 சென்டிமீட்டர் வரும். அப்படியானால் எடை? அதையும் 32-ஆல் வகுக்கலாமா? கூடாது! உயரம், அகலம், தடிமன் மூன்றுமே 32 மடங்கு குறைகின்றன. ஆகவே எடை 32 × 32 × 32, அதாவது 32,768 மடங்கு குறையும். 60 கிலோ எடையுள்ளவரை அதே அடர்த்தியில் சிறிதாக்கினால் 2 கிராம்கூடத் தேறமாட்டார்.

ஆனால் ஒரு கையின் உறுதி அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு 32 × 32, அதாவது 1,024 மடங்குதான் குறைகிறது. எடை குறைந்த அளவுக்கு உறுதி குறையவில்லை. அதனால்தான் நம் சின்ன வீரர் கையை நீட்டிக்கொண்டு எத்தனை ஆண்டு நின்றாலும் கை தொங்காது. மெல்லிய செம்புக் கம்பி ஒன்றே அவருடைய எலும்புக்கூடாக இருக்கப் போதும்.

பட்டுத் துணியைச் சுற்றினால் என்ன?

'காஞ்சிபுரத்துப் பட்டு இருக்கிறதே, ஒரு துண்டை வெட்டி வீரருக்குக் கட்டிவிட்டால் போயிற்று!' என்று சிலருக்குத் தோன்றும். அதையே சோதனையாகச் செய்து பாருங்கள்.

தையல் கடையில் மீந்த துணித்துண்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதை மேசை விளிம்புக்கு வெளியே 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு நீட்டுங்கள். துணி வளைந்து தொங்கும். இப்போது உள்ளே இழுத்து ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெளியே இருக்கும்படி வையுங்கள். அது பலகைபோல் நேராக நிற்கும்!

துணி ஒன்றுதான், விறைப்பும் ஒன்றுதான். வெளியே இருக்கும் துணியின் எடைதான் குறைந்துவிட்டது. விறைப்பைத் தோற்கடித்து மடிக்கும் அளவுக்கு அந்த எடை போதவில்லை. நம் வீரரின் ஆடை ஓரிரு சென்டிமீட்டர்தான் இருக்கும். அதைப் பட்டில் செய்தால் மடிப்பு விழாமல் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே மடிப்புகளைச் சிற்பியே உருவாக்க வேண்டும். அம்மா புடவை கட்டியிருக்கும்போது கவனியுங்கள். தோளில் துணி பிடிபடும் இடத்திலிருந்து மடிப்புகள் விரிந்து பரவும். முழங்கையை மடக்கினால் உட்பக்கம் சுருக்கம் கூடும், வெளிப்பக்கம் துணி இறுகும். எங்கே இழுபடுகிறதோ அங்கேதான் மடிப்பு பிறக்கிறது. இதைப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் துணி வசப்படும்.

எதைச் செதுக்குவது, எதை விடுவது?

பொம்மையை 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். அதை 32-ஆல் பெருக்குங்கள்: 9.6 மீட்டர். அதாவது, உண்மையான வீரரைப் பத்து மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். நல்ல பார்வை உள்ளவர்களால் அந்தத் தூரத்தில் சுமார் 3 மில்லிமீட்டருக்கும் சிறிய நுணுக்கங்களைப் பிரித்துப் பார்க்க முடியாது. இமை முடி தெரியாது, துணியின் இழை தெரியாது. ஆனால் முட்டி மடங்கிய விதமும் தலை திரும்பிய கோணமும் நன்றாகத் தெரியும். அதனால் முதலில் நிற்கும் நிலையைச் சரிசெய்யுங்கள்; அதன் பிறகு முகத்துக்கு வரலாம்.

அளவுக்கு ஒரு வழி: நம் சிற்பிகள் முகத்தின் நீளத்தை ஒரு 'தாளம்' என்று வைத்து உடல் முழுவதையும் அதன் மடங்குகளாக அளப்பார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம், முகத்துக்குப் பதில் முழுத் தலையை அளவாகக் கொண்டு. சராசரி மனிதரின் உயரம் அவருடைய தலையைப் போல ஏழரை மடங்கு. 54-ஐ 7.5-ஆல் வகுத்தால் 7.2 மில்லிமீட்டர். அதுதான் வீரரின் தலை. கண்கள் தலையின் சரிபாதியில் இருக்கும். நெற்றிக்கு மிக அருகில் வைத்துவிடாதீர்கள்.

உலராமலே இறுகும் பொருள்

களிமண் ஏன் கெட்டியாகிறது? உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போவதால். தண்ணீர் போன இடத்தில் மண்துகள்கள் நெருங்கி வரும், பொம்மை சுருங்கும். உள்ளே கம்பி இருந்தால் அது சுருங்காது, மண் மட்டும் சுருங்கும். விளைவு, விரிசல்!

அதனால் இவ்வளவு சிறிய உருவத்துக்கு எபாக்சி புட்டி நல்லது. ஒழுகும் தண்ணீர்க் குழாயை அடைக்க வீட்டில் பயன்படுத்தும் எம்-சீல் அந்த வகைதான். இரண்டு கட்டிகளாக வரும். ஒன்றில் பிசின், மற்றொன்றில் இறுக்கி. இரண்டையும் பிசைந்ததும் வேதிவினை தொடங்கும். பிசினின் மூலக்கூறுகளை இறுக்கியின் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து ஒரே வலையாக்கிவிடும். எதுவும் ஆவியாகி வெளியேறாததால் சுருக்கம் மிகக் குறைவு. வெயில் காலத்தில் வினை வேகமாக நடக்கும், சீக்கிரம் இறுகிவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிசையுங்கள்.

பொம்மைக் கலைஞர்கள் விரும்பும் ஒரு புட்டியில் ஒரு பாதி மஞ்சள், மறுபாதி நீலம். பிசைந்ததும் கோடு எதுவும் தெரியாமல் முழுவதும் பச்சையானால்தான் சரியாகக் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கவனம்: இறுகாத புட்டி தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். கையுறை அவசியம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பழைய வீரர், புதிய வீரர்

முழு உருவத்தையும் நாமே செய்யத் தேவையில்லை. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ராணுவ வீரரை மாற்றியமைக்கலாம். உங்கள் பொம்மையின் உயரத்தை அளந்து, 54 மில்லிமீட்டருக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள்.

1. சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். அச்சிலிருந்து ஒட்டிய எண்ணெய்ப் பசை போக வேண்டும்.

2. துப்பாக்கியையும் இரும்புத் தொப்பியையும் பெரியவர் கத்தியால் சீவி எடுக்கட்டும்.

3. கையை வளைக்க வேண்டுமா? வெந்நீரில் முக்கினால் பிளாஸ்டிக் இளகும். பெரியவர் இடுக்கியால் வளைத்து உடனே குளிர்ந்த நீரில் முக்கட்டும். கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அதனால் தேவையைவிடச் சற்றுக் கூடுதலாக வளைக்க வேண்டும்.

4. இந்த மிருதுவான பொம்மைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனவை. அதன்மேல் தண்ணீர் படராமல் முத்துமுத்தாக நிற்கும். பசையும் அப்படித்தான், பிடிக்காது. ஆகவே வெட்டிய இடத்தில் சிறு துளையிட்டுக் கம்பியைச் செருகி, புட்டி அதைப் பற்றிக்கொள்ளும்படி செய்யுங்கள்.

5. தலைப்பாகையையும் ஆடையையும் புட்டியில் உருவாக்குங்கள். கருவியை ஈரமாக்கிக்கொண்டால் ஒட்டாது. ஓர் அடுக்கு முழுவதும் இறுகிய பிறகே அடுத்த அடுக்கு. இல்லாவிட்டால் மேலே அழுத்தும்போது கீழே செய்தது நசுங்கும்.

6. இனி ராக்கெட்! கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் பாழடைந்த கிணறு ஒன்றிலிருந்து 2018-இல் 1,000-க்கும் மேற்பட்ட பழைய மைசூர் ராக்கெட்டுகளைத் தோண்டி எடுத்தார்கள். சுமார் 25 சென்டிமீட்டர் நீளமானவை. 32-ஆல் வகுத்தால் 8 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்குக் காகிதத்தைப் பசை தடவிச் சுருட்டுங்கள். மூங்கில் கழிக்குத் தென்னந்துடைப்பக் குச்சி பொருந்தும். கழி 120 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் குச்சியின் நீளம் எவ்வளவு? நீங்களே கணக்கிடுங்கள்.

7. வீரர் ராக்கெட்டை முன்னால் நீட்டினால் எடை முன்பக்கம் சாயும். ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இழுத்தால் அது பாதங்களுக்கு இடையில் விழ வேண்டும். இல்லையென்றால் கவிழ்வார். பாதத்திலிருந்து ஒரு கம்பியை அடிக்கட்டைக்குள் இறக்கிவிடுங்கள்.

நிழலையும் தீட்ட வேண்டும்

ஒரே நிறத்தைப் பூசி நிறுத்தினால் வீரர் தட்டையாகத் தெரிவார். ஆடையின் மடிப்பு அரை மில்லிமீட்டர் ஆழம்தான். அறை விளக்கின் ஒளி நாலாபக்கமும் பட்டுத் திரும்பி அந்தக் குழிக்குள்ளும் புகுந்துவிடும், நிழல் வெளிறிப்போகும். அதனால் பள்ளத்தில் சற்றுக் கருமையான நிறத்தையும் மேட்டில் சற்று வெளுத்த நிறத்தையும் நாமே தீட்ட வேண்டும். பளபளப்பும் வேண்டாம், பளபளத்தால் பருத்தி ஆடை பிளாஸ்டிக்போல் தெரியும்.

ஆதாரமும் ஊகமும்

ஆடைக்கு என்ன நிறம்? இங்கேதான் பொறுப்பு தொடங்குகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர் போரின் பெரிய ஓவியம் இருக்கிறது. பல்லக்கில் பெய்லி, வெடிக்கும் வண்டி எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது வென்றவர் தீட்டச் சொன்ன ஓவியம். பிற்காலத்தில் மீண்டும் வண்ணம் பூசப்பட்டதும்கூட. ராபர்ட் ஹோம் என்ற ஆங்கிலேய ஓவியர், ராக்கெட்டையே கொடிக்கம்பமாகப் பிடித்திருக்கும் மைசூர் வீரரை வரைந்திருக்கிறார். அது போர் நடந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்து வரைந்தது. இரண்டையும் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதை நம்பலாம். வேறுபடுவதைக் கேள்வியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று கம்பெனிப் படையில் நின்றவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள்தான். புள்ளலூரில் இரு பக்கமும் நம் மக்கள் செத்தார்கள். அதனால் நம் வீரர் வெறும் விளையாட்டுப் பொருள் அல்ல. அவர் ஒரு காலத்தின் சாட்சி. அவரை உண்மையாகச் செய்வது நம் கடமை.

வேலை முடிந்ததும் அடிக்கட்டையின் கீழே ஒரு சீட்டு ஒட்டுங்கள். அதில் இரண்டு பத்திகள்: 'ஆதாரம்', 'ஊகம்'. ராக்கெட்டின் நீளம் ஆதாரத்தில் போகட்டும். நீங்களாக முடிவுசெய்த தலைப்பாகையின் நிறம் ஊகத்தில் போகட்டும். அடுத்து எதிர்ப்பக்கத்துச் சிப்பாய் ஒருவரையும் செய்து பக்கத்தில் நிறுத்துங்கள். அவருக்கும் ஒரு சீட்டு எழுதி, இரண்டையும் பள்ளி அறிவியல் கண்காட்சியில் வையுங்கள். நண்பர்கள் கேட்கும் கேள்விகளால் ஊகப் பத்தியில் இருப்பது ஒவ்வொன்றாக ஆதாரப் பத்திக்கு இடம் மாறட்டும்!