புதிய ஃபிளைவீலுக்கு எடைச் சமன் தேவையா?

பிரிக்பீல்ட்ஸானாலும் கிள்ளானானாலும், கிளச் மாற்றப் பட்டறைக்குப் போனால் சில வேளைகளில் ஃபிளைவீலையும் மாற்றச் சொல்வார்கள். புதியதைச் சமன் பார்க்காமல் பூட்டலாமா?

மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி 10 கிராம் கூடுதலாக இருந்தால், நிமிடத்திற்கு 3,000 சுற்றில் அது சுமார் 10 கிலோ எடைக்கு ஈடாக இழுக்கும். 6,000 சுற்றில் 40 கிலோ! அதிர்வும் பேரிங் தேய்வும் அதனால் வருவனவே.

அசல் ஃபிளைவீல் தொழிற்சாலையிலேயே சமன் செய்யப்பட்டு வருகிறது. 1985இல் வந்த புரோட்டோன் சாகா போன்ற நான்கு சிலிண்டர் கார்களுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். கடைசலில் எடை குறைத்ததானால் சமன் அவசியம். சில அமெரிக்க வி-8 எஞ்சின்களில் ஒரு பக்கம் வேண்டுமென்றே கனமாக இருக்கும். அதைப் பழையதோடு ஒப்பிட்டே சமன் செய்ய வேண்டும்.

பூட்டியபின் அதிர்ந்தால் கியர்பாக்ஸை மறுபடியும் இறக்க வேண்டும்; கூலியும் இரட்டிப்பாகும். முன்னரே கேட்டறிவது நலம்.